பழைய நகைகளில் பதிந்திருக்கும் கலைகள்

(பொன்விழா ஆண்டையொட்டி நடைபெற்ற குடும்ப தின நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





"நகைக்கடைக்காரரைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள், தங்கம் எப்போது இறங்கும் என்று சொல்வார்" என எண்ணி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் எங்களை மன்னிக்க வேண்டும். அது எங்களுக்குத் தெரிந்திருந்தால் இன்று இந்த மேடையில் நின்றிருக்க மாட்டோம். எங்கள் கையில் இருப்பது பலதுறைத் தொழிற்கல்லூரியில் பெற்ற டிப்ளோமா ஒன்றும், வாப்பாவிடம் கற்ற தொழிலும்தான். கலை வரலாறு எங்களுக்குக் கல்லூரிப் பாடமாக வரவில்லை. கடையில் நடந்த ஒரு தவறுதான் எங்களை அந்தப் பக்கம் திருப்பியது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம். ஏனென்றால் இந்தப் பேச்சே அதிலிருந்துதான் தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் சமூகத்தைச் சேர்ந்த ஒரு மாமி கைக்குட்டையில் ஒரு பொருளை முடிந்துகொண்டு வந்தார். பிரித்தால், மூன்று குரோசாங். கெபாயாவின் முன்பக்கத்தை இணைக்கக் குத்தும் ஊசி நகை. மூன்றையும் மெல்லிய சங்கிலி இணைத்திருந்தது. மேலே பூவும் கொடியும். நடுவே பொடிப்பொடியாக இந்தான் வைரம். மாமியின் உம்மாவுடையது. பேத்திக்குத் திருமணம் பேசியிருந்தார்கள், அதற்குப் புதிதாக ஒரு செட் எடுக்க வேண்டும், பழையதைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று வந்திருந்தார்.

நாங்கள் என்ன செய்தோம்? எந்தக் கடையிலும் செய்வதைத்தான் செய்தோம். உரசிப் பார்த்தோம். கல்லைக் கழற்றி எடை போட்டோம். "மாமி, கல்லெல்லாம் பொடி, விலைக்கு ஆகாது, தங்கத்துக்கு மட்டும் கணக்குப் போட்டுத் தருகிறோம்" என்றோம். கல்லைக் காகிதத்தில் மடித்து அவரிடமே கொடுத்தோம். தங்கம் உருக்குக்குப் போனது. கணக்கில் ஒரு காசு தவறவில்லை. மாமியும் மகிழ்ச்சியாகத்தான் போனார்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பேத்தி வந்தாள். கையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அவளுடைய கொள்ளுப்பாட்டி, அதாவது மாமியின் உம்மா, மணப்பெண்ணாக நிற்கிறார். நெஞ்சில் அந்த மூன்று குரோசாங். "அண்ணே, என் கல்யாணத்துக்கு இதைப் போட்டுக்கணும்னு இருந்தேன். பாட்டி உங்ககிட்ட கொடுத்ததா சொன்னாங்க, இருக்கா?" என்று கேட்டாள்.

அன்று எங்களுக்கு வாயடைத்துப் போயிற்று. கணக்குச் சரி, ஆனால் செய்தது சரியில்லை என்று அன்றுதான் பட்டது. நாங்கள் உருக்கியது எத்தனை கிராம் என்று எங்களுக்குத் தெரியும். உருக்கியது எது என்று தெரியாமல் போயிற்று. அதைத் தெரிந்துகொள்ளப் புறப்பட்டோம். நூலகம், அருங்காட்சியகம், பழைய பத்தர்களிடம் பேச்சு என்று போன பாதையில் கிடைத்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் ஒரு பொதுச் செய்தி. நகை வடிவம் எதுவும் தானாக வானத்திலிருந்து விழுவதில்லை. ஒரு காலத்தில் சுவரில் இருந்த பூ, அடுத்த காலத்தில் துணிக்கு வரும். துணியிலிருந்து கம்பளத்துக்கு, கம்பளத்திலிருந்து புத்தக அட்டைக்கு, அங்கிருந்து கழுத்துக்கு வரும். கட்டடம் கட்டியவர், ஓடு பதித்தவர், சால்வை நெய்தவர், ஓவியம் தீட்டியவர் எல்லாரும் நம் கழுத்தணிக்குக் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்திருக்கிறார்கள். இதை மூன்று கதைகளில் பார்க்கலாம்.

முதல் கதை முகலாயர் காலம்.

1620ஆம் ஆண்டு வசந்த காலத்தில் பேரரசர் ஜஹாங்கீர் காஷ்மீர் சென்றார். அங்கு பூத்துக் கிடந்த மலர்களைப் பார்த்து மெய்மறந்தார். அவருடைய அரசவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் நூற்றுக்கும் மேற்பட்ட மலர்களை வரைந்தார் என்று ஜஹாங்கீரே தம் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். ஐரோப்பியர் கொண்டுவந்த செடிகொடி நூல்களின் அச்சுப் படங்களும் அப்போது அரண்மனைக்கு வந்திருந்தன. அவற்றையும் ஓவியர்கள் பார்த்தார்கள். வேரோடு நிற்பது போல ஒற்றைச் செடி, இருபக்கமும் இலை, மேலே சற்றே தலை சாய்த்த பூ என்ற அமைப்பு இப்படித்தான் உறுதிப்பட்டது.

அவருடைய மகன் ஷாஜஹான் காலத்தில் அந்தப் பூ எங்கும் பரவியது. 1632இல் தொடங்கிய தாஜ்மஹாலுக்குப் போனவர்கள் இங்கு இருக்கிறீர்கள். கீழ்ச்சுவரில் பளிங்கில் செதுக்கிய பூச்செடிகளையும், உள்ளே கல்லறையைச் சுற்றியுள்ள தடுப்பில் வண்ணக் கல் பதித்த பூக்களையும் பார்த்திருப்பீர்கள். அதே பூ காஷ்மீர்ச் சால்வையின் முந்தியிலும், பச்சைக் கல்லில் கடைந்த கத்திப் பிடியிலும், கழுத்துப் பதக்கத்திலும் உண்டு. ஒரே அரண்மனைப் பட்டறைகளில் ஒரே வரைபடம் கைமாறியதன் விளைவு அது.

அந்தக் காலத்து மரகதங்கள் பெரும்பாலும் தென் அமெரிக்காவில் இன்றைய கொலம்பியா நாட்டில் வெட்டியவை. ஸ்பெயின், போர்ச்சுகல் வணிகர்கள் வழியாகக் கோவா வந்து முகலாயர் கைக்குப் போனவை. கடல் கடந்து வந்த அந்தக் கல்லில் நம் நாட்டுக் கைவினைஞர் பூவைச் செதுக்கினார். 'மொகல் முகல்' என்று பெயர்பெற்ற ஒரு மரகதம் இன்று கத்தார் நாட்டில் தோஹா இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 217.80 கேரட் எடை. ஒரு பக்கம் அரபு எழுத்தில் துதி. மறு பக்கம் பூங்கொத்து. அதில் ஹிஜ்ரி 1107 என்று ஆண்டும் பொறித்திருக்கிறது. ஔரங்கசீப் ஆட்சிக்காலம்.

கல் பதிக்கும் முறையிலும் அவர்களுக்கென ஒரு வழி இருந்தது. அதுதான் குந்தன். இன்று நாம் விற்கும் மோதிரத்தில் கல்லை நகம் போன்ற கம்பிகள் பிடித்திருக்கும். குந்தனில் அது கிடையாது. குழிக்குள் அரக்கு நிரப்பி, மேலே பளபளப்பான தகடு வைத்து, கல்லை அமர்த்துவார்கள். கல்லைச் சுற்றி மிகச் சுத்தமான பொன்னின் மெல்லிய தகடுகளை மடித்து மடித்து அழுத்துவார்கள். தங்கம் அவ்வளவு சுத்தமாக இருந்தால், நெருப்பே இல்லாமல், அழுத்தத்திலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பொறியியல் படித்த எங்களுக்கு இதைக் கேட்டு வியப்புத் தாங்கவில்லை. பாடப்புத்தகத்தில் குளிர் நிலைப் பற்றவைப்பு என்று படித்ததை, நம் பத்தர்கள் பல நூறு ஆண்டாகக் கையாலேயே செய்து வந்திருக்கிறார்கள்.

இன்னொரு நுட்பத்தையும் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். அந்த நகைகளின் பின்பக்கத்தைத் திருப்பினால், அங்கேயும் மீனாகாரி வேலை இருக்கும். வெள்ளைப் பின்னணியில் சிவப்புப் பூ, பச்சை இலை. அணிபவரின் தோலைத் தொடும் பக்கம் அது, வெளியார் கண்ணுக்குத் தெரியாது. இருந்தும் முன்பக்கத்துக்கு இணையாகப் பின்பக்கத்தையும் அலங்கரித்தார்கள். இந்தப் பின்பக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வருவோம்.

இரண்டாவது கதை பாரிஸ்.

நம்மைப் போலவே ஒரு குடும்ப வணிகம். தாத்தா 1847இல் தொடங்கிய கடை. பேரன்கள் மூன்று பேர்: லூயி, பியேர், ஜாக். மூத்தவர் பாரிஸைப் பார்த்துக்கொண்டார், நடுவர் நியூயார்க்கை, இளையவர் லண்டனை. அந்தக் குடும்பத்தின் பெயர் கார்ட்டியே. பெயரைக் கேட்டதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள், தகப்பன்மார் பணப்பையைத் தொட்டுப் பார்க்கிறார்கள்!

லூயி கார்ட்டியே தம் ஓவியர்களை முதலில் பாரிஸ் தெருக்களுக்கே அனுப்பினார். பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டடங்களின் இரும்புக் கம்பி வேலைப்பாட்டையும் கதவு அலங்காரத்தையும் பார்த்து வரைந்து வரச் சொன்னார். அந்த வளைவுகளைப் பிளாட்டினத்தில் நகையாக்கினார். பிளாட்டினம் உறுதியான உலோகம், மெல்லிய கம்பியாக இழுத்தாலும் கல்லைத் தாங்கும். ஆகையால் வைரம் மட்டும் தெரிந்தது, உலோகம் மறைந்தது.

அதன் பிறகு அவர் பார்வை கிழக்கே திரும்பியது. 1903இல் பாரிஸில் இஸ்லாமியக் கலைகளுக்கு ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. 1910இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் அதைவிடப் பெரிதாக ஒன்று. பாரசீக ஓவியம், கையெழுத்துச் சுவடி, கம்பளம், உலோகப் பாத்திரம் எல்லாம் ஐரோப்பியக் கண்ணுக்கு முன் வந்து குவிந்தன. லூயி தாமே பாரசீக, முகலாய ஓவியங்களையும் சுவடிகளையும் வாங்கிச் சேர்த்தார். அவர் கடை நூலகத்தில், 1856இல் லண்டனில் ஓவன் ஜோன்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வெளியிட்ட அலங்கார வடிவங்களின் பெருந்தொகுப்பும் இருந்தது. ஓவன் ஜோன்ஸ் ஸ்பெயினின் கிரனாடாவில் அல்ஹம்ப்ரா மாளிகையில் தங்கி, சுவர் சுவராக அளந்து வரைந்தவர். அரபு, துருக்கி, பாரசீகம், இந்தியா ஒவ்வொன்றுக்கும் அந்த நூலில் தனிப் பகுதி உண்டு.

இவற்றிலிருந்து எது நகைக்குள் போனது? மூன்றைச் சொல்லலாம். பாரசீகத்திலும் மத்திய ஆசியாவிலும் செங்கல்லை மாற்றி மாற்றி அடுக்கிச் சுவரிலேயே கோலம் போடுவார்கள். அந்தப் படிக்கட்டு போன்ற வடிவம் வைரப் பதக்கத்துக்கு வந்தது. பள்ளிவாசல் கதவுகளிலும் சன்னல்களிலும் நாம் காணும் நட்சத்திரமும் அறுகோணமும் பின்னிய கணக்கு வடிவங்கள் ஊசி நகைக்கு வந்தன. நீலமும் பச்சையும் அருகருகே நிற்கும் வண்ணச் சேர்க்கை மூன்றாவது. அந்நாளைய ஐரோப்பிய நகை ரசனைக்கு அது புதிது. மயில் தோகையிலும் பாரசீக ஓட்டிலும் பழகிய நமக்கு அது புதிதா என்ன? 1913இல் நியூயார்க் கடையில் இந்திய, பாரசீக, அரபு, ரஷ்ய, சீனப் பாணி நகைகள் என்றே சொல்லிக் காட்சிக்கு வைத்தார்கள்.

1925இல் பாரிஸில் அலங்காரக் கலைகளுக்கென உலகக் கண்காட்சி நடந்தது. 'ஆர்ட் டெக்கோ' என்று நாம் இன்று சொல்லும் பாணிக்கு அந்தக் கண்காட்சியிலிருந்துதான் பின்னாளில் பெயர் வந்தது. நேர்க்கோடு, கோணம், அடுக்கு என்று நவீனத்தின் அடையாளமாக அதைச் சொல்வார்கள். அதன் வேர்களில் ஒன்று சமர்கந்திலும் இஸ்பஹானிலும் நின்ற சுவர்களில் இருக்கிறது. நாங்கள் பெருமையடித்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். 2021இல் பாரிஸ் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் 'கார்ட்டியேயும் இஸ்லாமியக் கலையும்' என்றே ஒரு கண்காட்சி நடத்தி, மூலத்தையும் நகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு அது அமெரிக்காவின் டல்லாஸ் நகருக்கும் போனது.

இனி இளையவர் ஜாக். 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்காக டெல்லியில் தர்பார் நடந்தது. மகாராஜாக்களின் பெண்மக்களுக்கு பாரிஸ் நகை விற்கலாம் என்று நினைத்து ஜாக் இந்தியா வந்தார். வந்து பார்த்தால், நகை வாங்குபவர்களும் அணிபவர்களும் மகாராஜாக்களே! அவர்களுக்கு வேண்டியது, தங்கள் பரம்பரைக் கல்லைப் பாரிஸ் பாணியில் பிளாட்டினத்தில் மாற்றிக் கட்டித் தருவது. ஜாக் விற்றதோடு நிற்காமல் வாங்கவும் செய்தார். இலை வடிவிலும் பூ வடிவிலும் செதுக்கிய மரகதம், மாணிக்கம், நீலம், பழைய பதக்கம், தாயத்துக்கூடு எல்லாம் வாங்கினார். அந்தப் பயணத்திலேயே முத்துத் தேடி பஹ்ரைனுக்கும் போனார்.

அந்தச் செதுக்கிய கற்களை பாரிஸில் மெல்லிய வைரக் கொடியில் இலையாகவும் கனியாகவும் தொங்கவிட்டார்கள். சிவப்பும் பச்சையும் நீலமும் கலந்த அந்தப் பாணிக்கு 'டுட்டி ஃபுருட்டி' என்று பிற்காலத்தில் பெயர் வந்தது. பழக்கலவை என்று பொருள். 1936இல் டெய்சி ஃபெலோஸ் என்ற சீமாட்டிக்காகச் செய்த கழுத்தணிதான் இவற்றுள் புகழ்பெற்றது. அதற்குக் கொக்கி வைக்காமல், நம் ஊர் அட்டிகை போலவே பின்னால் பட்டுக்கயிறு கட்டி முடியும்படி செய்திருந்தார்கள்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர்களும் பழைய இந்திய நகைகளைப் பிரித்தார்கள். பிரித்த துண்டுகளைத் தனியே சேமித்து வைத்துப் புது நகையில் பொருத்தினார்கள். நாங்கள் அந்தக் குரோசாங்கைப் பிரித்தது போலத்தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தம் கடையில் செய்த நகைகளை வரைந்து வைத்தார்கள், புகைப்படம் எடுத்தார்கள், சாந்தில் அச்சும் எடுத்து வைத்தார்கள். நூறாண்டு கழித்து இன்றும் அந்தப் பதிவைத் திறந்து பார்க்கலாம். எங்களிடம் இருந்தது எடைச்சீட்டு மட்டும்.

பதிவின் அருமையைச் சொல்ல ஒரு நகை போதும். பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் 1925இல் தம் கற்களை அந்தக் கடையிடம் ஒப்படைத்தார். மூன்றாண்டு வேலை. 1928இல் முடிந்த அந்தக் கழுத்தணியில் 2,930 வைரங்கள். நடுவில் 234.65 கேரட் 'டி பியர்ஸ்' மஞ்சள் வைரம். இந்தியாவின் அடுக்கு மாலை, பாரிஸின் பிளாட்டினம் இரண்டும் கைகோத்த நகை. 1940களின் கடைசியில் அது அரண்மனைக் கருவூலத்திலிருந்து காணாமல் போயிற்று. 1982இல் ஜெனீவா ஏலத்தில் மஞ்சள் வைரம் மட்டும் தலைகாட்டியது. 1998இல் லண்டனில் ஒரு பழைய நகைக்கடையில் அதன் எலும்புக்கூடு கிடைத்தது. பெரிய கற்கள் எதுவும் இல்லை. மாற்றுக் கற்களை வைத்து அதை மீண்டும் கட்டினார்கள். எப்படி முடிந்தது? பதிவுகளும் புகைப்படமும் இருந்ததால் முடிந்தது. மகாராஜாவின் செல்வம் காக்காத நகையை ஒரு காகிதம் காத்தது.

மூன்றாவது கதை நம் வாசல்.

நாம் வாழும் இந்தத் தீவும் மலாயாக் கரையும் எல்லாக் கலையும் வந்து இறங்கிய துறைமுகம். குரோசாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லே இதயம் என்னும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். பழைய பாஜு பாஞ்சாங் உடைக்கு மூன்று. மேலே இதய வடிவில் ஒன்று, அது 'ஈபு', அம்மா. கீழே வட்டமாக இரண்டு, அவை 'அனாக்', பிள்ளைகள். பின்னர் கெபாயா வந்தபோது மூன்றும் ஒரே அளவாகி, சங்கிலியில் கோத்துக்கொண்டன. செய்தவர்கள் யார்? சீனப் பத்தர், இந்தியப் பத்தர், இலங்கைப் பத்தர். அணிந்தவர்கள் யார்? பெரானாக்கான் சீனர், மலாய்க்காரர், நம் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் இங்கு மணம் செய்து வளர்ந்த ஜாவி பெரானாக்கான் குடும்பத்தார். 1876இல் சிங்கப்பூரில் வெளிவந்த முதல் மலாய்ச் செய்தித்தாளுக்கு ஜாவி பெரானாக்கான் என்று பெயர் வைத்தவர்களும் அவர்கள்தாம்.

சீனர் வீட்டு நகையில் வண்ணத்துப்பூச்சியும் பீனிக்ஸ் பறவையும் இருக்கும். விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலேய நட்சத்திரப் பதக்கம் இங்கே வந்து நட்சத்திரக் குரோசாங் ஆனது. மலாய்க்காரர் வீட்டு இடுப்பு 'பெண்டிங்'கிலும் மூன்றடுக்கு 'டோக்கோ' பதக்கத்திலும் பெரும்பாலும் இலையும் கொடியும் பூவும்தான். ஒரே பட்டறை, ஒரே சுத்தியல், ஆனால் வாங்க வரும் வீட்டுக்கு ஏற்ற வடிவம். பத்தர் யாரிடமும் மதம் கேட்டுச் சண்டையிடவில்லை, அவரவருக்கு உகந்ததைச் செய்துகொடுத்தார். ஆர்மீனியன் தெருவில் உள்ள பெரானாக்கான் அரும்பொருளகத்துக்கும், கோலாலம்பூரில் 1998இல் திறந்த இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்துக்கும் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் உங்கள் உம்மம்மாவின் நகையைப் போல ஒன்று கண்ணில் படலாம்.

மாங்காய் வடிவத்தை எல்லாருக்கும் தெரியும். அந்த வளைந்த நுனியைப் பாரசீகத்தில் 'போத்தே' என்பார்கள். காஷ்மீரில் 'பூட்டா'. சால்வையோடு ஐரோப்பா போன பிறகு, ஸ்காட்லாந்தில் அதைப் பார்த்து நெய்த பெய்ஸ்லி என்ற ஊரின் பெயர் அதற்கு வந்தது. நம் வீட்டில் அது மாங்காய் மாலை. இங்கே பாத்திக் துணியிலும் அதைப் பார்க்கலாம். ஒரே வளைவு, ஊருக்கு ஒரு பெயர். நம் பெண்கள் கழுத்தில் இருக்கும் கருகமணியும், மூத்த உம்மம்மாக்கள் காது விளிம்பு நிறைய அணிந்த அலிக்கத்தும் இப்படி ஒவ்வொரு கரையைத் தொட்டு வந்தவைதான். காயலும் கீழக்கரையும் முத்துக்குப் பெயர்போன துறைகள். மார்க்கோ போலோ அந்தக் கரையின் முத்துக்குளிப்பையும் காயல் துறைமுகத்தையும் எழுதிவைத்திருக்கிறார். நகை உலகம் நமக்குப் புதிதல்ல.

இனி அந்தப் பேத்திக்கு வருவோம்.

அவளிடம் படமும், நாங்கள் காகிதத்தில் மடித்துக் கொடுத்த கற்களும் இருந்தன. நல்லவேளை, மாமி அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தார். படத்தைப் பெரிதாக்கி, கணினியில் கோடு கோடாக வரைந்தோம். கற்களை எண்ணினோம். எந்தக் கல் எங்கே என்று நிழலையும் வெளிச்சத்தையும் பார்த்துக் கணக்கிட்டோம். ஒரு மூத்த பத்தர் கையாலேயே செய்துகொடுத்தார். செய்கூலி, சேதாரம் எதுவும் நாங்கள் வாங்கவில்லை. வாங்க மனம் வரவில்லை.

திருமணத்துக்கு நான்கு நாள் முன்பு மாமி வந்தார். கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "முன்னாடி எங்க உம்மாவோடது மாதிரியேதான் இருக்கு வாப்பா" என்றார். பிறகு திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "இங்கே ஏதோ எழுத்து இருந்துச்சே" என்றார்.

இருந்திருக்கும். செய்த பத்தரின் முத்திரையாக இருக்கலாம், கடையின் பெயராக இருக்கலாம், மாமியின் வாப்பா பொறிக்கச் சொன்ன தேதியாகவும் இருக்கலாம். கல்லைக் கழற்றியபோது எங்கள் கையில்தான் அது இருந்தது. நாங்கள் திருப்பிப் பார்க்கவில்லை. பின்பக்கம் எந்தப் படத்திலும் இல்லை.

அன்பர்களே, நகையை விற்கக் கூடாது என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அப்படிச் சொன்னால் எங்கள் வாய்க்கே அடுக்காது. இந்தச் சங்கத்தின் ஐம்பதாண்டு வரலாற்றில் பிள்ளைகளின் படிப்புக்கும், வீட்டுக்கும், ஊரில் தங்கை திருமணத்துக்கும் எத்தனை உம்மாக்களின் காப்பு அடகுக்கும் விற்பனைக்கும் போயிருக்கும்! எங்கள் டிப்ளோமாப் படிப்புக்கே உம்மாவின் ஒரு ஜோடிக் காப்பு போயிற்று. தங்கம் அவசரத்துக்கு உதவத்தான் இருக்கிறது. போகட்டும். ஆனால் அது இன்னதென்று தெரிந்து போகட்டும். உம்மாவின் அந்தக் காப்பு எப்படி இருந்தது என்று இன்று எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறோம்.

ஆகவே உங்களிடம் நான்கு வேண்டுகோள்.

ஒன்று, வீட்டில் இருக்கும் பழைய நகையைக் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, ஊசியும் கொக்கியும் தெரியும்படி ஒன்று. பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள்.

இரண்டு, யார் யாருக்குக் கொடுத்தது, எந்த ஊரில், எந்தத் திருமணத்தில் என்று வீட்டு மூத்தவர்களிடம் கேட்டு, இரண்டு வரி எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

மூன்று, கடைக்குக் கொண்டுபோனால், உரசுவதற்கு முன் பெருக்குக் கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்து, என்ன எழுத்து இருக்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போங்கள். எங்கள் கடையாக இருந்தாலும் அப்படித்தான்.

நான்கு, உருக்கக் கொடுக்கும் முன் வீட்டில் இருக்கும் இளையவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களுக்கு வேண்டாம் என்று நாமாக முடிவு செய்துவிடுகிறோம். அந்தப் பேத்தியை யாரும் கேட்கவில்லை.

எங்கள் கடையில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பழைய வேலைப்பாடு உள்ள நகை எது வந்தாலும், உரிமையாளரின் அனுமதியோடு இருபக்கமும் படமெடுத்து, எடையும் அளவும் குறித்து, ஒரு பிரதியை அவரிடமே கொடுக்கிறோம். பத்து நிமிட வேலை. படத்தைப் பார்த்த பிறகு, "வேண்டாம், வீட்டுக்கே கொண்டுபோகிறேன்" என்று முடிந்துகொண்டு போனவர்களும் உண்டு. வியாபாரம் குறைகிறதே என்று தொடக்கத்தில் வாப்பா சிரித்தார். இப்போது அவரே பெருக்குக் கண்ணாடியை எடுத்து நீட்டுகிறார்.

சங்கம் மனம் வைத்தால், இந்தப் பொன்விழா ஆண்டிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் மண்டபத்தில் உட்கார்ந்து, உறுப்பினர் குடும்பங்களின் பழைய நகைகளை இலவசமாகப் படமெடுத்துத் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். விளக்கும் கேமராவும் தராசும் நாங்கள் கொண்டுவருகிறோம். நகையோடு, கதை சொல்லத் தெரிந்த ஒரு மூத்தவரை மட்டும் நீங்கள் அழைத்து வந்தால் போதும்.

 சங்கம் நூற்றாண்டு காண வல்ல நாயன் அருள்புரிவானாக.